யானை எண்ட்கேம் ஓடும்போது ஜன்னலில் நின்று "டிரா கொடு" என்று கத்தாதீர்கள்

செஸ் ஆட்டத்தின் கடைசிக் கட்டம், அதாவது எண்ட்கேம். ராஜாக்களைத் தவிர ஒரு பக்கம் யானையும் சிப்பாயும், எதிர்ப்பக்கம் வெறும் யானை. இதைப் பார்த்ததும் "டிராதானே, கை கொடுத்துட்டு வாடா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று வெளியே நின்று கத்தும் பெற்றோர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் அது டிரா இல்லை. டிரா பண்ணத் தெரிந்தவனுக்குத்தான் டிரா.

போன ஞாயிறு தருமபுரியில் ஒரு போட்டி, கடைசி ரவுண்டு. மற்ற போர்டெல்லாம் முடிந்து நாற்காலி அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பாலக்கோட்டுப் பொண்ணு ஒருத்திக்கும் ஓசூர்ப் பையன் ஒருத்தனுக்கும் மட்டும் ஆட்டம் ஓடுகிறது. அவளிடம் யானையும் சிப்பாயும், அவனிடம் யானை மட்டும். அவளுடைய நடுச் சிப்பாய் அவள் பக்கத்திலிருந்து ஐந்தாம் வரிசையில், பக்கத்திலேயே ராஜா. பையனின் ராஜா சிப்பாய்க்கு நேர் எதிரே நிற்கிறது. அதுவரை சரிதான். அவன் யானையைத் தன் பக்கத்திலிருந்து மூன்றாம் வரிசையில் நிறுத்தியிருந்தால் அவள் ராஜா மேலே ஏறவே முடியாது. அவள் சிப்பாயை அந்த வரிசைக்குத் தள்ளும் வரை பொறுத்திருந்து, தள்ளியதும் யானையைப் போர்டின் மறுகோடிக்கு இறக்கிப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். ராஜாவுக்கு ஒளிய இடம் கிடைக்காது. பிலிடோர் என்ற பிரெஞ்சுக்காரர் 18-ஆம் நூற்றாண்டிலேயே காட்டிவிட்டுப் போன வழி இது.

பையன் என்ன செய்தான்? பயந்து யானையைக் கடைசி வரிசையில் கொண்டுபோய் ஒட்ட வைத்தான். ஓரத்துச் சிப்பாயோ அதற்கு அடுத்து, குதிரைக்கு நேரே உள்ள சிப்பாயோ என்றால் அப்படி உட்கார்ந்தே தப்பித்துவிடலாம், நடுச் சிப்பாய்க்கு அது நடக்காது. அவள் ராஜா ஆறாம் வரிசைக்கு ஏறியது, யானை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் மாறியது, கதை முடிந்தது.

"நல்லாத்தான் ஆடினான், கடைசியில டயர்டாயிட்டான்" என்றார் அவன் அப்பா. இல்லைங்க. அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்த பிறகு நம்ம பக்கம் தெருவுக்கு ஒரு செஸ் வகுப்பு வந்துவிட்டது, நல்ல விஷயம்தான். ஆனால் சேர்ந்த மாசமே பிள்ளை ஒரு கோப்பையோடு வர வேண்டும் என்று பெற்றோர் எதிர்பார்க்கிறார்கள், அதனால் கோச்சும் ஓப்பனிங் பொறிகளையே, அதாவது ஆட்டத் தொடக்கத்தில் எதிராளியை மாட்டிவிடும் வித்தைகளையே, ஊட்டிக்கொண்டிருக்கிறார். எதிராளி பொறியில் விழாவிட்டால் அப்புறம் என்ன செய்வது என்று பிள்ளைக்குத் தெரியாது.

2013-ல் சென்னையில் கார்ல்சனோடு நடந்த உலகப் பட்டப் போட்டியில் ஆனந்த் ஐந்தாவது, ஆறாவது ஆட்டங்களை அடுத்தடுத்துத் தோற்றது யானை எண்ட்கேமில்தான். இரண்டுமே டிராவாகப் பிடித்திருக்கக்கூடியவை. கார்ல்சன் ஒன்றும் மாயம் பண்ணவில்லை, விடாமல் ஆடிக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷுக்கும் டிங் லிரனுக்கும் நடந்த உலகப் பட்டப் போட்டியின் கடைசி ஆட்டத்திலும் ஆளுக்கொரு யானை, ஒரு பிஷப், குகேஷிடம் ஒரே ஒரு சிப்பாய் அதிகம். டிரா என்றுதான் எல்லாரும் நினைத்தோம். 55-ஆவது நகர்வில் டிங் லிரன் யானையைத் தவறான இடத்தில் வைத்தார், 58-ல் முடிந்துபோனது. குகேஷ் அழுத வீடியோவை ஸ்டேட்டஸ் வைத்த அதே கைதான் ஜன்னலுக்கு வெளியிலிருந்து "வா வா" என்று சைகை காட்டுகிறது!

போட்டி நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு நகர்வுக்கும் கடிகாரத்தில் ஐந்து விநாடியாவது கூட்டிக் கொடுங்கள். அந்தப் பொண்ணு கடைசி நிமிஷத்தில் பதறிப் பதறித்தான் ஜெயித்தாள், இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தால் போர்டில் என்ன இருக்கிறது என்பதே கணக்கில்லாமல் கடிகாரம் தீர்ப்பு சொல்லியிருக்கும். ரவுண்டு தாமதமாகும் என்பீர்கள். ஏழு ரவுண்டை ஆறாக்குங்கள். அதுவும் முடியாதென்றால் பரிசளிப்பு மேடையில் பேசுகிறவர்களில் இரண்டு பேரைக் குறையுங்கள், தாராளமாக நேரம் கிடைக்கும்.