சிலோனுக்குப் போய்வந்தவர்கள்

என் தாய்மாமா மதகைக் கண்டால் நின்றுவிடுவார். சின்ன வயதில் அவரோடு வயலுக்குப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். வாய்க்காலுக்கு மேலே போகிற சாதாரண மதகுதான். மாட்டுவண்டி போகும், டிராக்டர் போகும். மாமா மட்டும் பத்தடி முன்னாலேயே நின்று, ஓரமாகக் கீழே இறங்கி, குனிந்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறுவார். எனக்கும் என் தங்கைக்கும் அது ஏதோ விளையாட்டு என்று நினைப்பு. நாங்களும் கூடவே இறங்கிக் குனிந்து பார்ப்போம். உள்ளே தவளை இருக்கும்.

அவர் இலங்கையில் இந்திய அமைதிப்படையில் இருந்தவர் என்பதும், அங்கே கண்ணிவெடிகளைச் சாலை மதகுகளுக்குள் பதுக்கி வைப்பார்கள் என்பதும் ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், படித்த, நல்ல வேலையில் இருக்கிற உறவினர் ஒருவர் எதிர் வரிசையிலிருந்து சிரித்துக்கொண்டே, “நீங்க தமிழனைச் சுடப் போன ஆளுதானே” என்று மாமாவைப் பார்த்துச் சொன்னார். மாமா பாயசம் வருவதற்கு முன்பே இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். கை கழுவும் இடத்தில் போய்ப் பக்கத்தில் நின்றேன். “விடுடா” என்றார். அவர் விட்டுவிட்டார். என்னால் முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 1987-இல் இந்திய ராணுவத்தை இலங்கைக்கு அனுப்பியது பெரிய தவறு என்றே நான் நினைக்கிறேன். அங்கே நம் படையின் கையால் பொதுமக்கள் செத்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதையெல்லாம் மூடி மறைப்பதற்காக இதை எழுதவில்லை. ஆனால் போய்வந்தவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று நாம் ஒரு நாளும் உட்கார்ந்து கேட்டதில்லை. அது என்னை உறுத்துகிறது.

இளைஞர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1983-க்குப் பிறகு ஈழத்து இளைஞர்களுக்கு இந்திய மண்ணிலேயே ஆயுதப் பயிற்சி கொடுத்தது இந்திய அரசு. 1987 ஜூன் 4 அன்று யாழ்ப்பாணத்தின் மேல் விமானங்களிலிருந்து உணவு மூட்டைகளைப் போட்டதும் அதே அரசுதான். ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாளே அமைதிப்படை யாழ்ப்பாணத்துப் பலாலி விமானத்தளத்தில் இறங்கியது.

மாமாவின் கதை பூமாலையில்தான் தொடங்கும். அவருடைய நண்பர்கள் எல்லோருடைய கதையும் அப்படித்தான். யாழ்ப்பாணத்து மக்கள் தெருவில் நின்று மாலை போட்டார்கள், இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். மதராஸ் ரெஜிமென்ட் ஆட்கள் தமிழில் பேசியதும் சின்னப் பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்களாம். “ஆயுதத்தை வாங்கிக்கிட்டு, ரெண்டு பக்கமும் சண்டை வராம பாத்துக்கிட்டு, பொங்கலுக்கு ஊருக்கு வந்துடலாம்னுதான் எங்களுக்குச் சொல்லி இருந்தாங்க” என்பார் மாமா.

அப்புறம் எல்லாம் இரண்டே வாரத்தில் தலைகீழானது. செப்டம்பர் 26 அன்று நல்லூரில் விடுதலைப் புலிகளின் திலீபன் உண்ணாவிரதத்திலேயே உயிரைவிட்டார். அக்டோபர் 5 அன்று பலாலியில் காவலில் இருந்த குமரப்பா, புலேந்திரன் உட்பட 12 புலிகள் சயனைடு கடித்துச் செத்தார்கள். அடுத்த வாரமே ‘ஆபரேஷன் பவன்’. அமைதி காக்கப் போன படை, தன் நாட்டிலேயே பயிற்சி பெற்றவர்களோடு போரில் இறங்கியது. அக்டோபர் 11 நள்ளிரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறக்கிவிடப்பட்ட சீக்கிய இலகு காலாட்படை வீரர்கள் 30 பேர். அதில் 29 பேர் அங்கேயே செத்தார்கள். ஒருவர் பிடிபட்டார்.

மாமா மாதத்துக்கு ஒருமுறை முன்னாள் படைவீரர் கேன்டீனுக்குப் போவார். வண்டி ஓட்டக் கண் சரியில்லை என்பதால் இப்போது நான்தான் கூட்டிப்போகிறேன். டோக்கன் வாங்கிவிட்டு வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது மூன்று நான்கு பேர் சேர்ந்துவிடுவார்கள். எல்லோரும் ‘சிலோன்’ போய்வந்தவர்கள். அவர்கள் யாரும் இலங்கை என்று சொல்லி நான் கேட்டதில்லை, சிலோன்தான்.

அந்த பெஞ்சில் இரண்டு பேர் ஒரே மாதிரி நினைப்பதில்லை என்பதே எனக்கு முதல் ஆச்சரியம்.

சுபேதாராக ஓய்வு பெற்ற ஒருவர், “எங்க கையைக் கட்டிப்போட்டுல்ல அனுப்பினாங்க” என்பார். பீரங்கி அடிக்காதே, குண்டு போடாதே, ஆனால் ஊரைப் பிடி என்றால் எப்படி என்பது அவர் கேள்வி. புலிகள் கையில் ஏ.கே. 47, எங்கள் கையில் பழைய எஸ்.எல்.ஆர். துப்பாக்கி, சரியான வரைபடம்கூடக் கிடையாது என்று மேஜையில் விரலால் கோடு போட்டுக் காட்டுவார். இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் முடித்திருப்போம் என்பது அவர் கட்சி.

லாரி டிரைவராக இருந்தவருக்கு அதைக் கேட்டாலே கோபம் வரும். “எதைய்யா முடிச்சிருப்பே? ஊரையா?” என்பார். போயிருக்கவே கூடாது, அது அவர்கள் வீட்டுச் சண்டை, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதவர்களிடம் போய் ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொன்னால் என்ன ஆகும் என்பார். அவர் ஓட்டிய லாரிக்கு முன்னால் போன வண்டி வெடித்ததைப் பார்த்தவர் அவர். புலிகள் மேல் அவருக்கு ஒரு துளி அனுதாபமும் கிடையாது. ஆனாலும் போனது தப்பு என்கிறார். நமக்கு இது குழப்பமாக இருக்கிறது, ஏனென்றால் நாம் ஒருவரைப் பார்த்ததும் எந்தக் கட்சி என்று எடைபோட்டுப் பழகிவிட்டோம்.

கட்டளை போட்டவர்களிலும் ஒரே குரல் இல்லை. யாழ்ப்பாணத்தில் 54-ஆவது டிவிஷனுக்குத் தலைமை தாங்கிய மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங் பிற்காலத்தில் தன் அனுபவத்தை நூலாக எழுதினார். பேச்சுவார்த்தைக்கு வரும் பிரபாகரனைச் சுட்டுவிடும்படி இந்தியத் தூதர் ஜே.என். தீட்சித் தன்னிடம் சொன்னதாகவும், பேச வருகிறவரைச் சுடுவது ராணுவத்தின் வழக்கம் இல்லை என்று தான் மறுத்துவிட்டதாகவும் அதில் சொல்கிறார். அந்தப் படையை நடத்தியவரே டெல்லியின் முடிவுகள் மேல் இவ்வளவு கசப்போடு எழுதியிருக்கிறார் என்பது பந்தியில் உட்கார்ந்து கிண்டல் செய்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

‘கையைக் கட்டிப்போட்டார்கள்’ என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சுபேதாரிடமே சொன்னேன். 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள், யாழ்ப்பாணம் பொது மருத்துவமனைக்குள் அமைதிப்படை நுழைந்தது. டாக்டர்கள், நர்சுகள், நோயாளிகள் என்று 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். உள்ளிருந்து புலிகள் சுட்டார்கள், இவர்கள் இடையில் மாட்டிக்கொண்டார்கள் என்றது ராணுவம். உள்ளே பிணங்களுக்கு நடுவில் படுத்துக் கிடந்து பிழைத்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை. 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் புலிகள் நடத்திய தாக்குதலில் வீரர்கள் செத்ததும், அடுத்த இரண்டு நாளில் 50-க்கும் மேற்பட்ட ஊர்மக்கள் கொல்லப்பட்டார்கள். கட்டிப்போட்ட கை செய்கிற வேலையா இது? சுபேதார் நீண்ட நேரம் பேசவில்லை. “நான் அங்க இல்ல. இருந்தவங்க கிட்ட கேட்டிருக்கேன். அவங்களும் சொல்லல” என்றார்.

அந்தப் பதில்தான் என் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. அன்று அங்கே இருந்தவர்கள் இன்று 60, 70 வயதில் ஏதோ ஓர் ஊரில் பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிறார்கள். என்ன உத்தரவு வந்தது, யார் கொடுத்தார்கள், எந்த நேரத்தில் எல்லாம் கைமீறிப் போனது என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். கொலைகாரன் என்று கூப்பிட்டால் வாயைத் திறக்க மாட்டார்கள். மாவீரன் என்று மாலை போட்டாலும் திறக்க மாட்டார்கள். அந்த மாலையோடு எப்படி அதைச் சொல்வார்கள்?

நாம் இரண்டையும் செய்தோம். 1990 மார்ச் 24 அன்று கடைசிப் பிரிவு திருகோணமலையிலிருந்து கப்பலேறி வந்தபோது, தமிழினத்தைக் கொன்ற படையை வரவேற்கப் போகமாட்டேன் என்று முதலமைச்சராக இருந்த கலைஞர் ஒதுங்கிக்கொண்டார். அன்றைய தமிழ்நாட்டின் மனநிலையும் பெரும்பாலும் அதுதான். அடுத்த வருடம் மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஒரே இரவில் காற்று திசைமாறியது. மாமாவைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட அதே ஆட்கள், “அன்னைக்கே நீங்க முடிச்சிருக்கணும்” என்றார்களாம். மாமா இரண்டுக்கும் பதில் சொல்லவில்லை. இரண்டு தடவையும் அவர்கள் தன்னிடம் எதையும் கேட்கவில்லை என்பதுதான் அவருடைய வருத்தம்.

அந்தப் போரில் 1,100-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் செத்தார்கள். 1987 நவம்பர் 25 அன்று நெஞ்சில் குண்டு பாய்ந்த பிறகும் போரிட்டு மடிந்த மேஜர் பரமேஸ்வரன் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. போர்க்கள வீரத்துக்கு நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? செத்தவர்களுக்குத் தனி நினைவுத்தூண் ஒன்று எழுந்திருப்பது கொழும்புப் பக்கத்தில், இலங்கை நாடாளுமன்றத்துக்கு அருகில். எந்த நாடு இவர்களை வெளியேறச் சொன்னதோ, எந்த நாட்டின் ஜனாதிபதி பிரேமதாசா இவர்களுக்கு எதிராகப் புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தாரோ, அந்த நாட்டில்.

அமெரிக்காவில் 2019-இல் பியூ ஆய்வு மையம் முன்னாள் ராணுவத்தினரிடமே கேட்டது: இராக் போர் தகுமா, தகாதா? தகாது என்று 64 சதவீதம் பேர் சொன்னார்கள். பொதுமக்களிடம் கேட்டபோது 62 சதவீதம். ஏறக்குறைய ஒன்றுதான். சண்டைக்குப் போனவன் சண்டையை ஆதரிப்பான் என்று நாம் எவ்வளவு சுலபமாக நினைத்துக்கொள்கிறோம்! நம் ஊரில் அமைதிப்படைக்குப் போனவர்களிடம் இந்தக் கேள்வியை யார் கேட்டார்கள்?

மாமா என்ன நினைக்கிறார் என்று நானே இவ்வளவு வருடம் கேட்டதில்லை. கல்யாண வீட்டு விஷயம் நடந்த பிறகுதான் கேட்டேன். ட்ரங்குப் பெட்டியைத் திறந்து, வெளிநாட்டுப் பணிக்காகக் கொடுக்கும் ‘விதேஷ் சேவா’ மெடலை எடுத்து என் கையில் வைத்தார். ரிப்பன் வெளுத்துப்போயிருந்தது. அப்புறம் ஒரே ஒரு கதை சொன்னார்.

மானிப்பாய்ப் பக்கம் சோதனைச் சாவடியில் நின்றிருக்கிறார். தமிழ் தெரியும் என்பதால் மக்களிடம் பேச இவரைத்தான் நிறுத்துவார்களாம். ஒரு வயசான அம்மா, கையில் ஓலைப்பெட்டி. திறந்து காட்டச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா இவர் முகத்தையே பார்த்துவிட்டு, “நீங்கள் தமிழோ தம்பி?” என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்றாராம். “பிறகேன் தம்பி வந்தனீங்கள்?”

அந்த அம்மா திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, தம்பி என்று கூப்பிட்டுவிட்டாரே என்றார் மாமா. “அன்னைக்குப் பதில் தெரியல. இன்னைக்கும் தெரியல. உத்தரவு வந்தது, போனேன். என்கூட வந்த நல்ல பசங்க செத்தாங்க. அவங்க செத்தது வீண்னு என் வாயால சொல்ல முடியாது. ஆனா போனது சரின்னும் என் வாயால வராது.”

இதுதான் அவர் கருத்து. இதை எந்த மேடையில் ஏற்றுவார்கள்? எந்தக் கட்சிக்கு இது உதவும்? உதவாது என்பதால்தான் 35 வருடத்துக்கும் மேலாக அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது.

என்னோடு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார். அந்த ஊர்க்காரர்கள் அந்தக் காலத்தை ‘இந்தியன் ஆமி நிண்ட காலம்’ என்றுதான் சொல்வார்கள். அவருக்கு அப்போது ஒன்பது வயது, சுதுமலை. மானிப்பாய்க்குப் பக்கத்து ஊர். ஷெல் விழுந்த இரவெல்லாம் கோயிலில் படுத்துக் கிடந்ததையும், பெரியப்பாவைப் பிறகு கண்டுபிடிக்கவே முடியாமல் போனதையும் என்னிடம் சொல்லியிருக்கிறார். மாமாவைப் பற்றி அவரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். போன வாரம் சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நான் அவரோட கதைக்கலாமோ?” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டிலிருந்து போன் போட்டுக் கொடுத்தேன். இருபது நிமிடம் பேசியிருப்பார்கள். எல்லாவற்றையும் இங்கே எழுத இருவரிடமும் நான் அனுமதி வாங்கவில்லை. மாமா பெரும்பாலும் “ஓம்மா, ஓம்” என்று கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் ‘ஆமா’ என்கிற இடத்தில் அவருக்குச் சில சமயம் ‘ஓம்’ வந்துவிடும், அங்கிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. என் காதில் விழ அந்த அக்கா கடைசியாகக் கேட்டது, “ஷெல் அடிச்சது உங்கட ஆக்களோ?” என்பது. மாமா, “எங்க ஆளுங்கதாம்மா” என்றார். பீரங்கிப் படை வேறு, நான் வேறு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

போனை வைத்ததும், நான் சொல்வதை எழுதிக்கொள், பெயர் மட்டும் போடாதே என்றார். அடுத்த ஞாயிறு மறுபடி போகிறேன். அங்கே கழிந்த முதல் நவம்பர் மாதத்தைப் பற்றி அப்போது சொல்கிறேன் என்றிருக்கிறார்.