கம்பத்திலேயே மனு கொடுக்கலாம்

கேரளாவில் குமுளிப் பக்கம் கட்டிக்கொடுத்த பெண் அடி தாங்காமல் கம்பத்தில் தாய் வீட்டுக்கு வந்துவிட்டால் இங்கே வழக்குப் போட முடியாது, இப்படிப்பட்ட பெண்களுக்கு உதவப் பயிற்சி எடுத்த தன்னார்வலர்களும் சமாதானம்தான் பேசலாம் என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. இதை நம்பி எந்தப் பெண்ணும் திரும்பிப் போய்விடக் கூடாது.

2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி, அடிபட்ட பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் மாஜிஸ்திரேட்டிடமே மனு கொடுக்கலாம். கம்பம் என்றால் உத்தமபாளையம் கோர்ட். அங்கே வாங்கும் பாதுகாப்பு உத்தரவு இந்தியா முழுக்கச் செல்லும், குமுளியிலும்தான். வக்கீலுக்குக் காசில்லை என்றாலும் சரி, பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

அப்புறம் தன்னார்வலர் விஷயம். சமாதானம் பேசி அனுப்புவது அவர்கள் வேலையே இல்லை. நல்ல பயிற்சியில் முதலில் சொல்லித்தருவது, "இத்தனை நாள் ஏன் பொறுத்தாய்?" என்று கேட்காதே என்பதுதான். முடிவு அந்தப் பெண்ணுடையது. ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் தமிழ்ப் பெண்ணின் வாக்குமூலத்தை மலையாளத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்டால், தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிப் பக்கத்தில் நிற்பதும் அவர்கள் வேலை. வன்முறை நடக்கிறது என்று, இந்தச் சட்டப்படி அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலருக்கு யார் வேண்டுமானாலும் தகவல் சொல்லலாம்; நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது, அதே சட்டத்தின் 4-வது பிரிவிலேயே இருக்கிறது.

அவசரம் என்றால் பெண்கள் உதவி எண் 181. இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான்.