பேச முடிந்தால் மூச்சுக்கு ஆபத்தில்லை என்பது தவறு

ஒருவர், "ஆவேசப்படுகிறவரைக் குப்புறப் படுக்கவைத்து அழுத்திப் பிடிக்கலாம், பேச முடிகிறவரை மூச்சுக்கு ஒன்றும் ஆகாது, பராமரிப்பாளர் பயிற்சி என்றாலே இந்தப் பிடிகள்தான்" என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் இதை நம்பிச் செய்துவிடாதீர்கள். உயிர் போகும்.

ஒரு வார்த்தை சொல்லக் கொஞ்சம் காற்று தொண்டையைத் தாண்டினால் போதும். திமிறுகிற உடம்புக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அதைவிடப் பல மடங்கு. முதுகில் எடை ஏறினால் மார்பும் வயிறும் விரிய முடியாது. 2020இல் அமெரிக்காவில் காவலர்கள் குப்புற அழுத்திப் பிடித்த ஜார்ஜ் ஃபிளாய்ட், தன்னால் மூச்சுவிட முடியவில்லை என்று பலமுறை சொல்லிவிட்டுத்தான் நினைவிழந்து இறந்தார். அது காவல்துறைச் சம்பவம், சரி; நுரையீரல் எல்லோருக்கும் ஒன்றுதானே. அப்புறம், திமிறல் திடீரென அடங்கினால் 'அமைதியாகிவிட்டார்' என்று நினைக்காதீர்கள். நினைவு தப்பியிருக்கலாம். உடனே விட்டுவிட்டு மூச்சைப் பாருங்கள்.

நல்ல பயிற்சியில் பெரும்பகுதி கை வைப்பதற்கு முந்தைய கட்டம்தான். மறதிநோய் உள்ளவர் அடிக்கக் கை ஓங்கினால் வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, கழன்றுபோன காதுக்கருவி என்று காரணம் தேட வேண்டும். நீட்டிய கையைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில், வாசலை மறைக்காமல் நில்லுங்கள். ஒருவர் மட்டும் பேசட்டும், சின்னச் சின்ன வாக்கியங்களில். குளிக்க மறுத்தால் அரைமணி நேரம் கழித்துக் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

பிடித்தே ஆக வேண்டிய கடைசி நிலையிலும், முகத்தையும் மூச்சையும் மட்டும் கவனிக்கவென்று ஒருவர் தனியாக நிற்க வேண்டும்.