வெறுப்பு வர்த்தமானியிலும் வரும்

வெறுப்புப் பேச்சென்றால் மேடையில் கத்துகிற ஆளைத்தான் எல்லாரும் காட்டுகிறோம். இலங்கை அரசாங்கத்துக்குக் கத்தத் தேவையில்லை. அது வர்த்தமானி (அரச அறிவித்தல் இதழ்) அடிக்கும், இல்லாவிட்டால் பொலிஸை வழக்குப் போடாமல் சும்மா வைத்திருக்கும்.

2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையொன்றில், கறிக்குள் கிடந்த மாக்கட்டியை, சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்றார்கள். கடைக்காரருக்குச் சிங்களம் ஓடாது. சுற்றி நின்று மிரட்டினவர்களுக்குத் தலையாட்டினார், அதையும் வீடியோ எடுத்துப் பரப்பினார்கள். கடையும் பள்ளிவாசலும் உடைந்தன. சோற்றில் கலந்து ஆளை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை உலகத்திலேயே கிடையாது. அரச பகுப்பாய்வாளரும் அது வெறும் மாச்சத்து என்றுதான் சொன்னார். வீடியோ போன தூரம் அந்த அறிக்கை போகவில்லை.

அது கும்பலின் வேலை என்பீர்கள். சரி, 2020 ஏப்ரல் 11 வர்த்தமானி யாருடைய வேலை? கொவிட் ஜனாஸாக்களை (இறந்தவர் உடல்களை) எரித்தே ஆக வேண்டும் என்றது. அடக்கமும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்பே சொல்லியிருந்தது. அரசாங்கம் சொன்ன காரணம், புதைத்தால் நிலத்தடி நீர் கெடுமாம். முஸ்லிம் என்ற சொல்லைப் போடாமலே யாரைக் குறிக்கிறது என்று நாட்டுக்கே விளங்கியது. பிறந்து 20 நாளான பிள்ளையையும் எரித்தார்கள். அந்த டிசம்பர் 1இல் உயர் நீதிமன்றம் காரணம் சொல்லாமலே எரிப்புக்கு எதிரான மனுக்களைத் தள்ளியது. 2021 மார்ச் 5இல்தான் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் அடக்கம். பிறகு எந்த ஊரில் மௌத்தானாலும் பெட்டி மட்டக்களப்புக்கு வர வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

சட்டம் இல்லாமலா? 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாய) சட்டம், இன, மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்கும் 3ஆம் பிரிவு. 10 வருடம் வரை கடூழியச் சிறை, பிணை மேல் நீதிமன்றத்தில் மட்டும். அது பிடித்தது யாரை? முஸ்லிம்கள் மீதான வெறுப்புக்கு எதிராகப் பேனாவாலும் கீபோர்டாலும் 'கருத்தியல் ஜிஹாத்' செய்ய வேண்டும் என்று முகநூலில் எழுதிய ரம்ஸி ராசிக்கை. ஐந்து மாதம் உள்ளே இருந்தார். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் உரிமை மீறல் என்று தீர்த்து 10 இலட்சம் ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது.

இனியும் அப்படி வெறுப்பு வீடியோ வந்தால் "பாருங்க சகோதரர்களே" என்று பகிர வேண்டாம். வெறுப்பைப் பரப்புகிறவன் வேலையை நாம் செய்து கொடுக்கிறோம். பக்கத்தின் பெயர், இணைப்பு, திகதி தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். வீடியோவையும் இறக்கி வையுங்கள், பிறகு அழித்துவிடுவார்கள். பொலிஸுக்கு எழுத்தில் இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் சீல் வாங்குங்கள். 3ஆம் பிரிவு என்று நீங்களே எழுதுங்கள், இல்லாவிட்டால் சில்லறைத் தகராறு மாதிரி என்ட்ரி போட்டு முடித்துவிடுவார்கள். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. வாசிக்கத் தெரியாத சிங்கள என்ட்ரியில் கையெழுத்து வைக்காதீர்கள்.

பேசினது அமைச்சரோ அதிகாரியோ என்றால், அல்லது பொலிஸ் கைகட்டி நின்றால், உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுதான். அதற்கு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தருவது, மீறல் நடந்ததிலிருந்து ஒரே மாதம். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அல்லது கல்முனைக் காரியாலயத்தில் முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டு இலக்கத்தை மட்டும் நம்பியிருக்காதீர்கள். விசாரணை நடக்கிறது என்று ஆணைக்குழுவிடம் கடிதமாக வாங்கி வையுங்கள், கொழும்பில் நீதிமன்றம் அதைத்தான் கேட்கும்.