ரப்பர் தேன் போலித் தேன் அல்ல

"ரிட்டயர்டு விலங்கியல் பேராசிரியரே சொல்லிட்டார், மார்த்தாண்டம் ரப்பர் தேன் பூவே இல்லாத போலித் தேன்" என்று போஸ்ட் போட்டிருக்கிறீங்களே அண்ணே, சார் பேச்சில் பாதியை வெட்டிட்டீங்க. பூவிலிருந்து வருவதில்லை என்றார், சரி. போலி என்று சொல்லவே இல்லை.

ரப்பர் இலையில் மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் தேன்சுரப்பிகள் உண்டு. மரம் இலை உதிர்த்துப் புதுத் தளிர் விடும் நாட்களில் அங்கே இனிப்பு நீர் ஊறும். தேனீ அதை உறிஞ்சி, தன் நொதியைச் சேர்த்து, நீரை வற்றவைத்து அடையில் மூடி வைக்கும். பூந்தேனுக்கும் இதே வேலைதான். பட்டையைச் சீவினால் வடிகிற பாலுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இந்தத் தேன் சீக்கிரம் உறையும். அதைப் பார்த்துத்தான் பலரும் சீனிப்பாகு என்று கிளப்பிவிடுகிறார்கள்.

அப்புறம், "ஓய்வுக்குப் பிறகு பூச்சி பிடிப்பது பொழுதுபோக்கு" என்ற நக்கல். பூச்சி இனங்களைப் பிரித்தறியக் கண் பழகவே பல வருஷம் ஆகும். இலைப்பேன் (thrips) என்ற சின்னஞ்சிறு பூச்சிகள் பற்றிய ஆய்வில் பேர்பெற்ற டி.என். அனந்தகிருஷ்ணன் ஓய்வுக்குப் பிறகும் வேலையை விடவில்லை. சாரும் அந்த வகைதான்.

கலப்படம் என்று சந்தேகமா? குறிப்பிட்ட பாட்டிலை லேபில் கொடுத்துப் பாருங்க. அதற்குச் சார் பேரை இழுக்காதீங்க.