மேல் ஓட்டையை மூடாதீர்கள்

எங்கள் சிறிய லொறியின் பின்னால் ஏற்றியிருக்கும் பயண அறையில் பழுதான குளிர்சாதனப் பெட்டியை மாற்றுவதற்கு ஐந்து வாரம் பிடித்தது என்றால் திருகோணமலையில் ஒருவரும் நம்புவதில்லை. "ஒரு பிரிட்ஜ்தானே, கழற்றிவிட்டு வேறொன்றை வைக்க வேண்டியதுதானே?" என்கிறார்கள். அந்தத் 'தானே'யைக் கேட்டாலே எனக்கு உச்சி கொதிக்கிறது.

பழையது ஐரோப்பாவிலிருந்து கொள்கலனில் வந்த பாவித்த சாமான்களோடு வந்தது. அமோனியாவைச் சூடாக்கிக் குளிரைப் பெறும் வகை. வீட்டு முற்றத்தில் 230 வோல்ற், ஓடும்போது 12 வோல்ற், நிலாவெளியில் நிறுத்தினால் காஸ் என்று மூன்றிலும் இயங்கும். உள்ளே சுழலும் பாகம் எதுவும் கிடையாது, திரவம் தானாகவே வழிந்தோட வேண்டும் என்பதால், அது சரியாக இயங்க வண்டி மட்டமாக நிற்க வேண்டும். அதோடு, பெட்டிக்குப் பின்னால் அறைச் சுவரிலுள்ள கீழ் ஓட்டையால் நுழையும் காற்று பின்புறத்துச் சூட்டை அள்ளிக்கொண்டு மேல் ஓட்டையால் வெளியேற வேண்டும். அறையைச் செய்தவர் என்ன செய்திருந்தார் தெரியுமா? மழைத்தண்ணீர் வரும் என்று மேல் ஓட்டையை ஒட்டுப்பலகையால் அடைத்து, அடைத்த தடம் தெரியாமல் வெள்ளை வர்ணமும் பூசியிருந்தார். கச்சான் காற்று அனலாய் வீசும் ஆடி மாதத்தில், காற்றோட்டமில்லாத அலுமாரிக்குள் அந்தப் பெட்டி வெந்துகொண்டிருந்திருக்கிறது. ஒரு நாள் கதவைத் திறந்தபோது மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி; பின்னால் எட்டிப் பார்த்தால் குழாயைச் சுற்றி மஞ்சள் தூள். அது துருப்பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் குரோமேற்று. கையால் தொடக்கூடாத நஞ்சு.

இனி 12 வோல்ற் கொம்பிரசர் பெட்டிதான் என்று முடிவு செய்து கடைக்குப் போனேன். அலுமாரியின் அகலம், உயரம், ஆழம் மூன்றையும் துண்டில் எழுதிக் கொடுத்தேன். விற்பனையாளர் துண்டைப் பார்க்காமலே, "வடிவா இருக்கும் அண்ணை" என்றார். பெட்டி அலுமாரிக்குள் இருந்தது உண்மைதான். பின்பலகையோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. சூடு போவதற்கு விடவேண்டிய இடைவெளியைப் பற்றிக் கேட்டதற்கு, "கொம்பிரசர் பிரிட்ஜுக்கு அதெல்லாம் தேவையில்லை" என்று பதில் வந்தது. குளிர்சாதனப் பெட்டி குளிரைப் புதிதாக உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது என்ற ஒரேயொரு விடயத்தை, அதை விற்றே பிழைக்கும் ஒருவருக்கு நான் விளக்க வேண்டியிருந்தது. அறைக் கதவால் நுழையாததால் யன்னல் சட்டத்தைக் கழற்றி உள்ளே கொண்டுபோன பெட்டி, அதே வழியால் வெளியே வந்து, சற்றுச் சிறிய ஒன்றாக மாறித் திரும்பவும் உள்ளே போனது.

பிறகு மின்வேலை செய்தவரின் முறை. பழைய 1.5 சதுர மில்லிமீற்றர் வயரே போதும் என்று சாதித்தார். கொம்பிரசர் 'டிக்' என்று எழும்பும், உடனே படுத்துவிடும். பற்றரியில் 12.2 வோல்ற் காட்டிய நேரத்தில், எழும்ப முயலும் பெட்டியின் முனையில் 10.9 மட்டுமே வந்தது. மீதி, போய்வரும் பத்து மீற்றர் மெல்லிய வயரிலும் கறுத்துப்போன இணைப்புகளிலும் கரைந்தது. 6 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரை நானே வாங்கி வந்து கொடுத்த பிறகுதான் அது மூச்சுவிட்டு ஓடத் தொடங்கியது.

ஒட்டுப்பலகையை வெட்டி எடுத்து, மழை புகாதபடி சாய்வுத் தகடுகள் வைத்த மூடி ஒன்றை மேல் ஓட்டைக்குப் பொருத்தினேன். அன்று மாலையே உப்புவெளிக்குப் போய் இரவு முழுதும் நிறுத்திவைத்தோம். விடியக் கையில் எடுத்த தண்ணீர்ப் போத்தல் பனித்திருந்தது.

நேற்று யன்னல் சட்டத்தைத் திரும்பப் பூட்ட வந்த தச்சர், வேலை முடிந்து புறப்படும்போது சிரித்த முகத்தோடு சொன்னார்: "மேலே தகட்டுக்குள்ளே இடைவெளி கிடந்தது அண்ணை, சிலிக்கன் அடிச்சு அடைச்சு விட்டிருக்கிறன். அதுக்குக் காசு வேண்டாம்."