ஆகாயத்தாமரையை அள்ளினால் ஆறு சுத்தமாயிருமா?

நாகர்கோவில் பழையாற்றில் மறுபடியும் ஜேசிபி இறங்கியிருக்கிறது. ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையில் போடுகிறார்கள், நாலு பேர் நின்று போட்டோ எடுக்கிறார்கள், "ஆறு சுத்தமாகிறது" என்று வாட்ஸ்அப்பில் ஒரே கைதட்டல். பார்த்தால் வயிறு எரிகிறது.

அந்தச் செடி அங்கே ஏன் மண்டுகிறது என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றாதா? சாக்கடையில் வரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான் அதற்குத் தீனி. தீனியை நிறுத்தாமல் செடியை மட்டும் அள்ளினால், மிச்சமிருப்பது சில வாரங்களில் இரண்டு மடங்காகும், அப்புறம் நாலு மடங்கு. திரும்பவும் ஜேசிபி, திரும்பவும் போட்டோ.

ஒழுகினசேரிப் பக்கம் கரையோரமாக நடந்து பாருங்கள். மதில் சுவரில் ஓட்டை போட்டு நாலு இஞ்ச் பிவிசி குழாய். குழாய் வாயில் கறுப்பாக வழவழவென்று ஏதோ படிந்திருக்கும், கீழே சோப்பு நுரை, அதில் மாட்டிக்கொண்ட ஷாம்பு பாக்கெட். நிமிர்ந்தால் கிரானைட் பதித்த மாடிவீடு. இவ்வளவு செலவழித்தவருக்கு ஓர் உறிஞ்சுகுழி தோண்டக் காசில்லையாம்! கேட்டால் பதில் ரெடி: "எல்லாவனும் விடுகான் மக்கா, நான் மட்டும் அடைச்சா ஆறு நல்லாயிருமா?"

லண்டன்காரனும் இப்படித்தான் இருந்தான். 1858 கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் நாடாளுமன்றத்துக்குள்ளேயே ஏறியது. திரைச்சீலைகளைக் குளோரைடு சுண்ணாம்பில், அதாவது நம்ம பிளீச்சிங் பவுடரில், முக்கித் தொங்கவிட்டார்கள். தங்கள் மூக்குக்கு வந்ததும் 18 நாளில் ஆற்றைச் சுத்தமாக்கச் சட்டம் நிறைவேறிவிட்டது. (நாம் அவர்களிடம் கற்றுக்கொண்டது அந்தப் பவுடரை மட்டும்தான் போல.) பசல்ஜெட் என்ற பொறியாளர் பிரமாதமாகப் பாதாளச் சாக்கடை கட்டினார். ஆனால் அழுக்கைச் சுத்திகரிக்கவில்லை, நகரத்துக்குக் கிழக்கே பெக்டன், கிராஸ்னஸ் வரை கொண்டுபோய் ஆற்றிலேயே திறந்துவிட்டார்கள். அழுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். 1957-இல் அதே தேம்ஸின் பெரும்பகுதி உயிரற்றுப் போனதாக அறிவித்தார்கள். சுத்திகரிப்பு நிலையங்களைச் சரியாக மேம்படுத்திய பிறகுதான், 1974-இல், சால்மன் மீன் திரும்பி வந்தது.

சுத்திகரிப்பு ஒன்றும் பரம ரகசியம் இல்லை. கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்து, அடியில் படியும் சேற்றைத் தூக்கி எறியாமல் அடுத்த தண்ணீரோடு கலந்துவிடு, அதிலுள்ள பாக்டீரியா அழுக்கைத் தின்றுவிடும். ஆர்டர்ன், லாக்கெட் என்ற இரண்டு பேர் மான்செஸ்டரில் இதைச் சொன்னது 1914-இல். நாகர்கோவில் அப்போது நகராட்சிகூட ஆகவில்லை. 2019-இல் மாநகராட்சியே ஆகிவிட்டது. பாதாளச் சாக்கடை என்று தோண்டிய தெருக்களில் பைக் ஓட்டி இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம்.

சரி, நம் அழுக்கு எங்கே போகிறது? சுசீந்திரம் தாண்டி மணக்குடிக் காயலுக்கு. அலையாத்திக் காடு இருக்கிற இடம், மீன் குஞ்சுகள் வளர்கிற இடம். அங்கே வலை வீசுகிற மனிதரிடம் போய், ஆகாயத்தாமரையை அள்ளியாச்சு அண்ணே என்று சொல்லிப் பாருங்கள்.

அடுத்த தடவை ஜேசிபி வரும்போது ஆற்றுக்குள் இறக்க வேண்டாம். கரையில் நிறுத்தி, அந்த நாலு இஞ்ச் குழாய்களை ஒவ்வொன்றாக அடையுங்கள். பின்னேறும் தண்ணீர் கிரானைட் தரைக்கு வரட்டும், உறிஞ்சுகுழிக்குத் தானாகக் காசு வரும்.